அடுப்புக்கு நாடி பார்க்கிறவர்

அடுப்பு வைத்தியர் என்று ஓர் இனம் உண்டு. கேள்விப்பட்டதில்லை என்று தலையாட்டாதீர்கள். பார்த்திருப்பீர்கள், பெயர்தான் வைத்திருக்க மாட்டீர்கள். இவருக்கு விறகடுப்பைப் பற்ற வைக்கத் தெரியாது. பற்ற வைத்ததை அணையாமல் காக்கவும் தெரியாது. பால் பொங்கி வழிந்தால் வாசலில் இருந்தபடியே "பால் பொங்குது, பால் பொங்குது" என்று செய்தி வாசிப்பாரே ஒழிய, எழுந்து வந்து இறக்கி வைக்க மாட்டார். ஆனால் அதே அடுப்பு லேசாக ஒரு 'சொய்ங்' என்றோ, ஒரு 'டப்' என்றோ முனகிவிட்டால் போதும், சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கொல்லைப்புறம் ஓடி வந்து, அடுப்பெதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு கையைத் தூக்கி ஊரையே பேசாமல் இருக்கச் சொல்லி, ஒரு கண்ணை இறுக மூடிக்கொண்டு காதைக் கொடுப்பார். கேட்பது காது. கண்ணை ஏன் மூட வேண்டும்? அதெல்லாம் நமக்குப் புரியாது. வைத்தியம்.

இந்த இனத்தில் கலப்படமில்லாத ஒருவர் ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில் இருக்கிறார். பெயர் கண்ணையன். கொஞ்சம் முந்திரிக் காடும் நிறையக் காதும் உடையவர். கும்பகோணம் பஸ்ஸில் ஏறினால் ஓட்டுநருக்குப் பின் இருக்கையில்தான் உட்காருவார். அணைக்கரை வருவதற்குள் "கியர் மாத்தறப்ப அடியில ஒரு முனகல் கேக்குது, கவனிங்க" என்று அந்த மனிதரைப் பலமுறை எச்சரித்துவிடுவார். இப்போதெல்லாம் அந்த ஓட்டுநர் இவர் தலை தெரிந்தால் நிறுத்தத்தில் பஸ்ஸை நிறுத்துவதில்லை. ஒரு முறை கங்கைகொண்ட சோழபுரத்துக்குக் குடும்பத்தோடு போயிருந்தபோது, எத்தனையோ தலைமுறைகளைப் பார்த்துவிட்டுச் சும்மா படுத்திருக்கும் அந்தப் பெரிய நந்தியின் விலாவில் விரலை மடக்கித் தட்டிப் பார்த்து, "இன்னும் தாங்கும்" என்று சான்று கொடுத்துவிட்டு வந்தார்.

ஆனாலும் அவருடைய சிறப்புப் பிரிவு அடுப்புதான். கொல்லையில் தகரக் கொட்டகைக்குக் கீழே இருக்கும் அந்த மண்ணடுப்புக்குத் தகரத்தில் புகைக்குழாய் வைத்தவரே அவர்தான். பெற்றவனுக்குத் தெரியாதா பிள்ளையின் வலி? விறகு 'சொய்ங்' என்றால் அது நீர்க்கோவை. 'டப்' என்று தெறித்தால் வாயு. புகை குழாய்க்குள் போகாமல் திரும்பி வந்தால் எதுக்களிப்பு. குழாய் சூடேறும்போது 'டிக், டிக்' என்று சொல்லுமே, அது மூட்டுவலி. ஒவ்வொரு நோய்க்கும் மீன்சுருட்டியில் ஒரு வீடு வைத்திருந்தார். "இப்படித்தான் மீன்சுருட்டில ஒரு வூட்ல 'சொய்'ங்குதுன்னு சும்மா உட்டாங்க" என்று ஆரம்பிப்பார். அந்த வீட்டுக் கதை ஒருநாளும் நல்லபடியாக முடிந்ததில்லை. மீன்சுருட்டியில் இத்தனை வீடுகள் போன பிறகு மிச்சம் என்னதான் இருக்கும் என்று அவருடைய மனைவி அம்பிகாவுக்குச் சில நாள் கவலையாகக்கூட இருக்கும்.

அம்பிகாவுக்கு அடுப்பின் பாஷை தெரியாதா? ஈர விறகு இரையும், கணு வெடிக்கும், காற்று எதிர்த்து அடித்தால் புகை திரும்பும். இதைச் சொல்லிப் பார்த்து, அவள் வாய் வலித்ததுதான் மிச்சம். வைத்தியர் ஒருநாளும் நோயாளி வீட்டார் சொல்வதைக் கேட்பதில்லை.

இப்படியே போயிருந்தால் நமக்குக் கதை இல்லை. ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்று வந்தது.

அன்றைக்குச் சம்பந்தி வீட்டார் பூலாம்பாடியிலிருந்து விருந்துக்கு வருகிறார்கள். மகள் பூங்குழலிக்கு நிச்சயம் ஆகிவிட்டது, ஆவணியில் கல்யாணம். நிச்சயத்தன்று சம்பந்தியம்மா பாப்பாத்தி பந்தியில் உட்கார்ந்து முதல் கவளத்தை வாயில் வைத்து, "சாம்பார்ல உப்பு போட மறந்துட்டாங்களா, இல்ல இந்த ஊர்ல வழக்கமே இல்லியா?" என்று கேட்டுவிட்டாள். சமைத்தது சமையல்காரர். ஆனால் பந்தி முழுக்கத் திரும்பிப் பார்த்தது அம்பிகாவின் முகத்தை. அன்றையிலிருந்து அவளுக்கு அந்தச் சொல் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது. தனக்காகக்கூட இல்லை. நாளைக்கு அந்த வீட்டுச் சமையலறையில் பூங்குழலி ஒரு ரசம் வைத்தாலும் "ஒங்கம்மாவுக்குத்தான் உப்பு தெரியாது, ஒனக்குமா?" என்ற பேச்சு வருமே! ஆயுசுக்கும் வருமே! இன்றைக்கு ஒரு நாட்டுக்கோழிக் குழம்பில் அந்தப் பேச்சை அடியோடு அடைத்துவிட வேண்டும் என்று அவள் முடிவு கட்டியிருந்தாள்.

வீட்டுக்குள் கேஸ் அடுப்பு இருக்கிறது. ஆனால் நாட்டுக்கோழி கேஸுக்கு மசியுமா? முந்திரி விறகில், குண்டானில், மெல்ல மெல்லக் கொதித்தால்தான் எலும்பு விட்டுக் கொடுக்கும். ஒரே ஒரு சங்கடம். மகள் கல்யாணம் நல்லபடியாக முடிகிற வரைக்கும் கவிச்சி தொடுவதில்லை என்று மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டிருந்தாள் அம்பிகா. சமைக்கலாம், ருசி பார்க்க முடியாது. பூங்குழலியோ பூவும் வாழையிலையும் வாங்க ஜெயங்கொண்டத்துக்குப் போயிருந்தாள். போனால் போகிறது, கை அளவு தெரியாதா என்று அம்பிகா தைரியமாகத்தான் இருந்தாள்.

குழம்பு கொதி வந்தது. கல்லுப்பைக் கையில் அள்ளினாள். குண்டானுக்கு மேலே கையைக் கொண்டுபோனாள். அந்த நேரம் பார்த்து அடுப்புக்குள்ளிருந்து மெல்லிசாக ஒரு 'சொய்ங்'.

"உஷ்!"

எங்கிருந்து வந்தார் என்று தெரியவில்லை. கண்ணையன் அடுப்பெதிரே உட்கார்ந்திருந்தார். ஒரு கண் மூடியிருந்தது. கல்யாணத்துக்கென்று வாங்கிய புது ரப்பர் செருப்பைத் தேய்த்துப் பழக்கிக்கொண்டிருந்தவர், அந்தச் செருப்புக் காலை அப்படியே அடுப்பின் வாய்க்கட்டையில் முட்டுக் கொடுத்திருந்தார்.

"என்னாங்க?" என்றாள் அம்பிகா.

"பேசாத. அது பேசுது."

"அது ஈர வெறகுங்க. ராத்திரி மழையில ரெண்டு கட்டை நனைஞ்சு போச்சு. ஓரமா நவுத்திட்டேன், செத்த நேரத்துல நின்னுரும்."

"ஈர வெறகு 'சீ'ன்னு கத்தும். இது 'சொய்'ங்குது. இத்தினி வருஷம் சமைக்கிற, ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியலியா? இப்படித்தான் மீன்சுருட்டில ஒரு வூட்ல..."

மீன்சுருட்டி வீடு தரைமட்டமாகி முடிந்தபோது அம்பிகா தன் கையைப் பார்த்தாள். கை காலியாக இருந்தது. உப்பைக் குண்டானில் போட்டாளா? திரும்ப ஜாடியில் போட்டாளா?

"ஏங்க, நான் உப்பு போட்டனா?"

"நான் சத்தத்தைல்ல கவனிச்சேன்."

"கொஞ்சம் வாயில ஊத்திப் பாத்துச் சொல்லுங்களேன். உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

அகப்பையில் துளி எடுத்து ஊதி அவர் உள்ளங்கையில் விட்டாள். கண்ணையன் நக்கினார். கண்ணை மூடினார். தலையை ஆட்டினார்.

"இருக்குதா?"

"இருக்கு, இருக்கு," என்றார் கண்ணையன். "கொழாய்க்குள்ளதான் இருக்கு. இப்பக்கூட 'டிக்'குன்னுச்சு பாரு."

இந்த மனிதரிடம் கேட்டதற்குக் குண்டானிடமே கேட்டிருக்கலாம். இருந்தாலும் இருக்கட்டும் என்று பாதிக் கை உப்பை மனசில்லாமல் போட்டுவைத்தாள். போட்டதும் முன்பே போட்டிருந்தோமோ என்ற சந்தேகம் வந்தது. உப்புப் போட்ட சந்தேகத்துக்கும் போடாத சந்தேகத்துக்கும் நடுவில் ஒரு பெண்பிள்ளை எவ்வளவு நேரம் நிற்பாள்?

அப்போதுதான் வாடை அடித்தது.

கண்ணையன் மூக்கை உயர்த்தினார். இடது பக்கம் ஒரு இழுப்பு, வலது பக்கம் ஒரு இழுப்பு, நடுவில் ஒரு நீண்ட இழுப்பு. "என்னமோ கருகுது" என்றார். அம்பிகா பதறிப்போய்க் குண்டானைக் கிளறினாள். குழம்பு அடிப்பிடிக்கவில்லை. ஆனால் வாடை உண்மையிலேயே இருந்தது! இவ்வளவு காலத்தில் முதல் முறையாகக் கண்ணையன் சொன்ன நோய் நோயாளியிடம் இருந்தது. அவர் முகத்தில் தெரிந்த பெருமையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

"எழுந்து வாசப்பக்கம் போய்ப் பாருங்க, கரண்டு ஒயரு ஏதும் கருகுதான்னு" என்று விரட்டினாள் அம்பிகா. அவர் போனார். வாடையும் போனது. திரும்பி வந்து பழையபடி காலை முட்டுக் கொடுத்து உட்கார்ந்தார். வாடையும் திரும்பி வந்தது.

"பாத்தியா? நான் வந்தாத்தான் வருது. வைத்தியன் வந்தாத்தான் வியாதி வாயத் தொறக்கும்."

குழாயில் கரி அடைத்திருக்கிறது, கழற்றிவிட வேண்டியதுதான் என்று அவர் தீர்ப்புச் சொன்னார். "கோழி பாதி வேக்காட்டுல நிக்குதுங்க" என்றாள் அம்பிகா. "அவசர கேசு" என்றார் அவர். வெண்ணெய் திரண்டு வருகிற நேரத்தில் தாழியை உடைக்கவென்றே சிலர் பிறந்திருக்கிறார்கள். அம்பிகாவுக்கு அழுகையே வந்துவிட்டது. அகப்பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, குழாய்க்கும் புருஷனுக்கும் நடுவில் போய் நின்றாள்.

அதே நேரம் வாசலில் கார் வந்து நின்றது. அடுப்பு இரைந்தால் விருந்தாளி வருவார்கள் என்று அந்தப் பக்கத்தில் சொல்வார்கள்; அவர்கள் சொன்ன நேரத்துக்கு ஒரு மணி முன்னாலேயே வருவார்கள் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை.

சம்பந்தி வீரமணி இறங்கினார். பூலாம்பாடிப் பக்கம் சின்ன வெங்காயம் போடுகிறவர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நிச்சயத்தன்று நான்கு வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர். பின்னால் பட்டுப்புடவையில் பாப்பாத்தி இறங்கினாள். அம்பிகா முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓடி, "வாங்க, வாங்க" என்பதற்குள், வீரமணி வாசற்படியிலேயே நின்றுவிட்டார். கையைத் தூக்கினார்.

"உஷ்!"

எல்லாரும் நின்றார்கள்.

"பொறத்தால அடுப்பு எரியுதா? சத்தம் சரியில்லியே சம்பந்தி." மூக்கை உயர்த்தினார். "வாடையும் சரியில்ல."

கண்ணையனுக்குக் கண்ணில் நீர் தளும்பிவிட்டது. புகையாகவும் இருக்கலாம். ஊர் முழுக்கத் தன் காதைக் கேலி செய்த காலத்தில், காவிரிக் கரையிலிருந்து வெள்ளாற்றங்கரை வரைக்கும் தனக்கு ஒரு துணை இல்லையே என்று ஏங்கிய மனிதருக்கு, தெய்வமே பார்த்து ஒரு சம்பந்தியைக் கொடுத்திருக்கிறது. ஜாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்த்தார்களே, இந்தப் பொருத்தத்தை யாராவது பார்த்தார்களா?

இருவரும் காபிகூடக் குடிக்காமல், செருப்பையும் கழற்றாமல் கொல்லைக்குப் போனார்கள். இரண்டு பேரும் அடுப்புக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். இரண்டு கால்கள் அடுப்பின் வாய்க்கட்டையில் ஏறின. இரண்டு கண்கள் மூடின. கொஞ்ச நேரத்தில் வாடை இரண்டு மடங்கானது.

"முத்திடுச்சு" என்றார் வீரமணி.

"நான் சொன்னேன், கேக்கல."

"எங்க ஊர்ப்பக்கம் அரும்பாவூர்ல இப்படித்தான் ஒரு வூட்ல..."

மீன்சுருட்டியும் அரும்பாவூரும் சேர்ந்து எரிந்தன. பிறகு வைத்தியம் பற்றிப் பேச்சு வந்தது. ஈரச்சாக்கு சுற்றலாம் என்றார் வீரமணி. அது வெங்காய ஊர் வைத்தியம், இந்த ஊர் அடுப்புக்கு இந்த ஊர் மருந்துதான் கேட்கும் என்றார் கண்ணையன். "பச்சை முந்திரிக்கொட்டைய ஓட்டோட தீயில போட்டா வெடிக்கும் சம்பந்தி. அந்த வேகத்துல கொழாயில இருக்கற கரியெல்லாம் உதுந்துரும்."

"ஓட்டோடயா?"

"ஓட்டோட."

"நாலு போதுமா?"

"முத்தின வியாதிக்கு நாலு என்னா பண்ணும்? ரெண்டு கை போடுவோம்."

முந்திரி ஓட்டில் எண்ணெய் இருக்கிறது, தீயில் பட்டால் பீச்சிக்கொண்டு எரியும் என்பது ஜெயங்கொண்டத்தில் நடக்கப் பழகிய குழந்தைக்குத் தெரியும். கண்ணையனுக்குத் தெரியாதா? தெரியும். வைத்தியத்தின்போது மறந்துபோகும்.

அவர் முந்திரிக்கொட்டைச் சாக்கை இழுத்துக்கொண்டு வருவதை அம்பிகா பார்த்தாள். இனி அழுது பயனில்லை. கொட்டகைக்கு வெளியே மூன்று செங்கல்லைக் கூட்டினாள். துணியைப் பிடித்துக்கொண்டு குண்டானின் ஒரு காதைப் பற்றினாள். தனியாகத் தூக்க முடியவில்லை. நிமிர்ந்தால் எதிரே பாப்பாத்தி நிற்கிறாள்.

முடிந்தது. குழம்பு பாதி, அடுப்பு பாதி, மானம் மொத்தமும் போனது என்று நினைத்தாள் அம்பிகா.

பாப்பாத்தி அடுப்பைப் பார்த்தாள். சாக்கைப் பார்த்தாள். தன் புருஷனைப் பார்த்தாள். பட்டுப்புடவையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு, முந்தானையால் குண்டானின் மறு காதைப் பிடித்தாள்.

"தூக்குங்க. சீக்கிரம்."

செங்கல் மேல் குண்டானை வைத்து, அடுப்பிலிருந்து நல்ல கட்டைகளாக உருவி அடியில் சொருகிய பிறகுதான் பாப்பாத்தி விஷயத்தைச் சொன்னாள். "எங்க வூட்ல இப்ப அடுப்பு கெடையாது. அடுப்பு இருந்த எடம் இருக்கு. சித்திரையில இவரு வைத்தியம் பாத்தாரு."

அம்பிகா பதில் சொல்வதற்குள் மருந்து உள்ளே போனது. வைத்தியர்கள் இருவரும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்ப் பதுங்கினார்கள். உயிர் எல்லாருக்கும் உண்டு அல்லவா? முதலில் ஒரு சீற்றம். பிறகு பட், பட், படபட, டமார்! அடுப்பு வாயிலிருந்து ஆள் நீளத்துக்குத் தீ எட்டிப் பார்த்தது. தகரக் குழாய் கூரையை விட்டுத் துள்ளி, யோசித்து, வீரமணியும் கண்ணையனும் எங்கே இருக்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டதுபோல அந்தப் பக்கமாகவே சாய்ந்து, தன் வயிற்றில் இருந்த கரி மொத்தத்தையும் தொட்டிக்குப் பின்னால் கொட்டியது. கொல்லையில் இருந்த கோழிகள் வேலி தாண்டிப் பக்கத்து வீட்டுக்குக் குடிபோயின.

புகை கலைந்தது. இரண்டு கரிய உருவங்கள் எழுந்து நின்றன. ஒன்று கையைத் தூக்கியது.

"உஷ்! கேக்குதா சம்பந்தி?"

"ஒண்ணும் கேக்கலியே."

"அதான். நின்னுடுச்சு."

நின்றது உண்மை. தீயே நின்றுவிட்டது. ஆள் போய்விட்டால் இருமலும்தானே நிற்கும்?

பூவும் இலையுமாகக் கொல்லைக்குள் நுழைந்த பூங்குழலி, இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டாள்: "அம்மா, இதுல அப்பா யாரு?"

அந்த நேரத்தில் மறுபடியும் அந்த வாடை. அடுப்பு அணைந்துவிட்டது, குழாய் விழுந்துவிட்டது, வாடை மட்டும் போகவில்லை. வைத்தியர்கள் மோப்பம் பிடித்துக்கொண்டே தொட்டியைச் சுற்றினார்கள், கொட்டகையைச் சுற்றினார்கள், கடைசியில் ஒருவரை ஒருவர் சுற்றினார்கள். பாப்பாத்தி அகப்பையை நீட்டிக் காட்டினாள்.

"அண்ணே. செருப்பு."

கண்ணையன் காலைத் தூக்கிப் பார்த்தார். புதுச் செருப்பின் நுனி உருகி, பிறை நிலா அளவுக்குக் காணாமல் போயிருந்தது. வீரமணி தன் காலைத் தூக்கிப் பார்த்தார். அங்கேயும் பிறை. கண்ணையன் செருப்பைக் கழற்றி, விரலால் தட்டி, காதில் வைத்துக் கேட்டு, மூக்கில் வைத்து இழுத்து, தெளிவாகச் சொன்னார்: "மட்டமான ரப்பரு."

"நான் அப்பவே நெனச்சேன்" என்றார் வீரமணி.

அம்பிகாவுக்கு இதெல்லாம் காதில் விழவில்லை. பாப்பாத்தி அகப்பையில் குழம்பை எடுத்துவிட்டாள். ஊதினாள். உள்ளங்கையில் விட்டுக்கொண்டாள். அம்பிகாவின் கை தானாகத் தாலிச்சரட்டைப் பிடித்தது. போட்டேனா, போடவில்லையா, இரண்டு முறை போட்டேனா? மாரியாத்தா!

பாப்பாத்தி நாக்கைச் சப்புக்கொட்டினாள்.

"அண்ணி," என்றாள். நிச்சயத்தன்று சம்பந்தியம்மா என்று விறைப்பாகக் கூப்பிட்டவள், இன்றைக்கு அண்ணி என்றாள். "உப்பு கொஞ்சம் தூக்கல்."

அம்பிகாவுக்கு உலகமே இருண்டது. வாய் திறந்து, "நான் அள்ளிட்டு நின்னேங்க, இவரு வந்து 'உஷ்'ன்னாரு..." என்று ஆரம்பித்தாள்.

"தெரியும்," என்றாள் பாப்பாத்தி. "எங்க வூட்ல 'உஷ்'ன்னா நான் ரெண்டு தரம் உப்பு போடுவேன். சில நாள் போடவே மாட்டேன். நிச்சயத்தன்னிக்கு நாக்கு நீண்டு போச்சு, மனசுல வச்சுக்காதீங்க. அன்னிக்குக் கம்மி, இன்னிக்குத் தூக்கல். கணக்கு சரியாப் போச்சு. பூங்குழலி, ரெண்டு உருளக்கெழங்கு வெட்டிக் கொண்டாம்மா, போட்டா இழுத்துரும்."

அம்பிகா சிரித்தாள். பாப்பாத்தியும் சிரித்தாள். அடக்க அடக்கப் பொத்துக்கொண்டு வந்து, இரண்டு பேரும் மூன்று செங்கல் முன்னால் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். தொண்டையில் இருந்த முள் எப்போது இறங்கியது என்றே அம்பிகாவுக்குத் தெரியவில்லை. மகள் போகிற வீட்டில் அவளுக்கு ஒரு தாய் இருக்கிறாள் என்ற நிம்மதியில் நெஞ்சு நிறைந்துவிட்டது. அந்தத் தாய்க்கு உருளைக்கிழங்கு வைத்தியம்கூடத் தெரிந்திருக்கிறது.

"உஷ்!" என்றது தொட்டிப் பக்கத்திலிருந்து ஒரு குரல். "சிரிப்புச் சத்தம் சரியில்லியே?"

இப்போது உங்கள் பக்கம் வருவோம். முதல் 'சொய்ங்' வந்ததுமே, அம்பிகா வாய் திறப்பதற்கு முன்னால், "ஈர விறகாத்தான் இருக்கும்" என்று உங்களுக்குத் தோன்றியதா இல்லையா? வாடை வந்ததும் "செருப்பு, செருப்பு" என்று உள்ளுக்குள் கூவினீர்களா இல்லையா? உப்புக்கு உருளைக்கிழங்கு கேட்காது, தேங்காய்ப்பால்தான் கேட்கும் என்று இந்த நிமிஷம் யாருக்காவது சொல்லத் துடிக்கிறீர்களா இல்லையா? அப்படியானால் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுச் சமையலறையிலிருந்து ஏதாவது சத்தம் கேட்டால் எழுந்து போகாதீர்கள். அங்கே ஒருவர் உப்பைக் கையில் அள்ளிக்கொண்டு நிற்கிறார். போகாமல் இருக்க முடியாது என்றால், செருப்பையாவது கழற்றிவிட்டுப் போங்கள்.